பார்த்துக்கலாம் சார்

நான் கட்டட ஒப்பந்தக்காரன். சிவில் டிப்ளமோ முடித்து, 2004-லிருந்து சேலையூர், மாடம்பாக்கம், முடிச்சூர், பெருங்களத்தூர் பக்கம் தனி வீடுகள் கட்டிக் கொடுத்துவருகிறேன். சிமென்டில் நான் கை வைத்ததில்லை. கம்பியைக் குறைத்ததில்லை. காங்கிரீட் போட்ட தளத்துக்குத் தண்ணீர் விடாமல் ஒரு நாள்கூட விட்டதில்லை. என் தப்பு சுவரில் இல்லை, தாளில் இருக்கிறது. இருபது ரூபாய்ப் பத்திரத்தாளில் நானே எழுதி, நானே கையெழுத்துப் போட்ட ஒரு வரியில் இருக்கிறது.

‘கட்டுமானப் பரப்பு சதுர அடி ஒன்றுக்கு ரூ.1,750 வீதம்.’

இதுதான் அந்த வரி. கட்டுமானப் பரப்பு என்றால் எது, எந்த இடத்திலிருந்து எந்த இடம்வரை, எதை முழுதாக எடுப்பது, எதைப் பாதியாக எடுப்பது என்று அதற்குக் கீழே ஒரு சொல்லும் இல்லை. மறதியால் விட்டதல்ல. தெரிந்தே விட்டேன்.

2016 பிப்ரவரியில் ஒருவர் வந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முடிச்சூரில் முப்பதுக்கு அறுபது மனை. 2015 டிசம்பர் 2 காலை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்ததும், அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதும் அப்போது எல்லோர் வாயிலும் இருந்த பேச்சு. அவருடைய மனையில் இடுப்பளவுக்கு மேல் நின்றதாம். எவ்வளவு உயரத்துக்கு நின்றது என்று பக்கத்து வீட்டுச் சுவரில் படிந்த சேற்றுக்கோட்டைக் காட்டினார். ‘இந்தக் கோட்டுக்கு மேல தரை வரணும் சார், அது ஒண்ணுதான் எனக்கு’ என்றார்.

கையில் ஒரு பைல் வைத்திருந்தார். அதில் இன்னொரு ஒப்பந்தக்காரர் கொடுத்த கொட்டேஷன். சதுர அடிக்கு 1,950 ரூபாய். அதன் கீழே சின்ன எழுத்தில் இரண்டு வரி: இரண்டு தளங்களின் வெளிச்சுவருக்கு வெளிச்சுவர் அளவு மட்டுமே பரப்பாக எடுக்கப்படும், போர்ட்டிகோ, பால்கனி, மொட்டை மாடி ஹெட்ரூம் இந்த விலையிலேயே அடங்கும். அந்த மனிதர் ஒழுங்காக எழுதியிருந்தார். நான் அதை இரண்டு முறை படித்தேன். பிளானையும் பார்த்தேன். தரைத்தளம் இருபதுக்கு நாற்பத்தொன்று, 820 சதுர அடி. மேல்தளமும் அதே. ஆக 1,640. அவர் விலைக்கு மொத்தம் 31,98,000 ரூபாய்.

மனதுக்குள் நான் போட்ட கணக்கு வேறு. தூண் வைத்த போர்ட்டிகோ 120. முன்பக்கம் மேலே மூடாத சின்ன பால்கனி 40. பின்பக்கம் மேலே ஸ்லாப் உள்ள பால்கனி 80. ஹெட்ரூம் 112. எல்லாவற்றையும் முழுசாகப் பிடித்தால் 1,992. அதை 1,750-ஆல் பெருக்கினால் 34,86,000. என் விலை அந்த ஒப்பந்தக்காரர் விலையைவிட ஏறக்குறைய மூன்று லட்சம் அதிகம். ஆனால் பார்க்கிறவர் கண்ணுக்கு அடிக்கு இருநூறு ரூபாய் மலிவு.

வீட்டுக்காரர் விவரம் தெரியாதவர் இல்லை. சரியான இடத்தில் சரியான கேள்வியைக் கேட்டார். ‘பால்கனி, ஹெட்ரூம்லாம் எப்படி சார் கணக்கு?’

‘அதெல்லாம் பார்த்துக்கலாம் சார். நமக்குள்ள என்ன இருக்கு.’

எங்கள் தொழிலில் இந்தச் சொல்லுக்கு உள்ள வேலை வெளியாருக்குத் தெரியாது. கேட்டவர் மேலும் கேட்டால் நம் மேல் நம்பிக்கை இல்லாதவர் போல் ஆகிவிடுவார். மரியாதைக்காரர் வாயை மூடிக்கொள்வார். அவர் மரியாதைக்காரர். கையெழுத்துப் போட்டார்.

பேஸ்மென்ட் உயரத்திலும் இதையே செய்தேன். ‘பேஸ்மென்ட் 3 அடி, அதற்கு மேல் போனால் கூடுதல்’ என்று எழுதினேன். எங்கிருந்து மூன்று அடி? மனை, ரோட்டைவிட இரண்டடி பள்ளம். அவர் மனதில் இருந்தது ரோட்டிலிருந்து மூன்றடி. வெள்ளத்துக்குப் பயந்த எவருக்கும் அதுதான் இருக்கும். என் மனதில் இருந்தது மனையின் இயற்கைத் தரையிலிருந்து மூன்றடி. சேற்றுக்கோட்டைக் காட்டிய மனிதரிடம் நான் ‘எங்கிருந்து’ என்பதை எழுதாமல் விட்டேன். அந்த இரண்டடி கூடுதல் என்று பில்லில் ஏறியது. அதற்குள் அடித்த மண்ணும் அப்படித்தான். உள்ளளவு சுமார் 720 சதுர அடி, இரண்டடி உயரம், 1,440 கன அடி. நூறு கன அடி ஒரு யூனிட், அதனால் கெட்டித்து முடித்த குழியில் அளந்தால் 14.4 யூனிட். லாரியில் வந்தது உதிரி மண். தண்ணீர் விட்டு இடித்தால் அமுங்கும். லாரிச் சீட்டுகளைக் கூட்டினால் 18 யூனிட்டுக்கு மேல். நான் சீட்டைக் காட்டினேன். பொய்ச் சீட்டு ஒன்றுகூட இல்லை. யூனிட் லாரியிலா குழியிலா என்று ஒப்பந்தத்தில் இல்லை, அவ்வளவுதான்.

கடைசி பில் 2017 மார்ச்சில். பரப்பு அளக்க நானும் அவரும் போனோம். என் ஆட்கள் யாரும் வரவில்லை, அதனால் டேப்பின் நுனியை அவரே பிடித்துக்கொண்டார். அந்தக் காட்சி என்னைவிட்டுப் போகவே இல்லை. பின் பால்கனிக் கைப்பிடிச் சுவரின் வெளி ஓரத்தில் குனிந்து, டேப்பின் இரும்புக் கொக்கியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, ‘இங்கதானே சார்?’ என்று கேட்டார். ‘இன்னும் கொஞ்சம் வெளியில சார், பூச்சு சேர்த்து’ என்றேன். நகர்த்திப் பிடித்தார். தனக்கு எதிரான அளவுக்கு அவரே நுனி பிடித்துக் கொடுத்தார். நான் எண்ணைச் சொல்லச் சொல்ல ஒரு நீல டைரியில் எழுதிக்கொண்டார். குண்டு குண்டான, அடித்தல் இல்லாத எழுத்து.

மொத்தத்தைச் சொன்னபோது அவர் குரல் உயரவில்லை. அனுமதி வாங்கிய பிளானை எடுத்து வந்து, ‘இதுல பரப்புக் கணக்குல ஹெட்ரூம் இல்லையே சார்’ என்றார். அவர் சொன்னது சரி. தமிழ்நாட்டுக் கட்டட விதிகளில் எஃப்.எஸ்.ஐ. எனும் தளப்பரப்புக் குறியீட்டைக் கணக்கிடும்போது மொட்டை மாடிக்கு மேல் வரும் படிக்கட்டு அறை சேராது. ‘அது எஃப்.எஸ்.ஐ. சார், இது கட்டுமானக் கணக்கு’ என்றேன். நான் சொன்னதும் சரி. இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 3861 என்று ஒன்று உண்டு; கட்டடப் பரப்பை அளக்கும் முறையை அதுதான் சொல்கிறது. அதன்படி பிளிந்த் பரப்பில் படிக்கட்டு அறை சேரும், தூண் வைத்த போர்ட்டிகோ சேரும். மேலே மறைப்பு உள்ள பால்கனி முழுதாகச் சேரும். மேலே மறைப்பு இல்லாத பால்கனி பாதிதான். நான் அவரிடம் முதல் மூன்றைச் சொன்னேன். நான்காவதைச் சொல்லவில்லை. தரக்குறியீட்டின் பெயரைச் சொன்னதும் அவர் அடங்கிப்போனார். அரசாங்கத்தில் முப்பது வருடம் விதிப்படி வேலை பார்த்த மனிதருக்கு ஒரு எண்ணைச் சொன்னால் போதும் என்று எனக்குத் தெரியும்.

முடிவில் ‘உங்களுக்காக’ என்று ஒரு லட்சம் குறைத்தேன். பரப்புக்காக மட்டும் 33,86,000 வாங்கிக்கொண்டேன். அவர் எனக்கு நன்றி சொன்னார். அவருடைய மனைவி காபி கொடுத்தார். மேல்தளத்துக்கு டைல்ஸ் போடாமல் நிறுத்திக்கொண்டார்கள்; வாடகைக்கு விடலாம் என்று கட்டிய தளம் அது. இரண்டு வருடத்துக்கு மேல் அது வெறும் சிமென்ட் தரையாகக் கிடந்தது. அந்தத் தெரு வழியாகப் போகும்போது மேலே திரை இல்லாத ஜன்னலைப் பார்ப்பேன். பிறகு அந்தத் தெரு வழியாகப் போவதை விட்டேன்.

மேலே ஒரு கணக்கு என்றால் கீழே இன்னொரு கணக்கு வைத்திருந்தேன். இதையும் சொல்லாவிட்டால் நான் எழுதுவது பாதிதான். பூச்சு வேலைக்கு மேஸ்திரிக்குச் சதுர அடிக் கூலி. திருவண்ணாமலைப் பக்கத்து ஆள், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், என்னை இன்ஜினியர் சார் என்றுதான் கூப்பிடுவார். சுவர் முழுவதையும் அளந்து, கதவு ஜன்னல் ஓட்டைகளைக் கழிப்பது வழக்கம். எப்படிக் கழிப்பது என்பதற்கும் முறை உண்டு. ஐ.எஸ். 1200 சொல்வது இது: அரை சதுர மீட்டர்வரை உள்ள திறப்புக்குக் கழிவே இல்லை. அரை முதல் மூன்று சதுர மீட்டர்வரை, சுவரின் ஒரு பக்கத்துக்கு மட்டும் கழிக்க வேண்டும். ஏனென்றால் ஜன்னலின் உள்விளிம்பு, மேல்விளிம்பு எல்லாம் கொத்தனார் பூசித்தான் ஆக வேண்டும், அந்த வேலைக்கு ஈடாக மறுபக்கம் விடப்படுகிறது. மூன்றுக்கு மேல் போனால் இரண்டு பக்கமும் கழித்து, விளிம்புகளைத் தனியாக அளந்து சேர்க்க வேண்டும். மூன்றரைக்கு ஏழு கதவு இருபத்துநாலரை சதுர அடி, அதாவது மூன்று சதுர மீட்டருக்கு உள்ளேதான். ஒரு பக்கக் கழிவுதான் நியாயம். நான் இரண்டு பக்கமும் கழித்தேன், விளிம்பையும் சேர்க்கவில்லை. விளிம்பு பூசுவதுதான் சுவரிலேயே கஷ்டமான வேலை. ரசமட்டம் வைத்து, மூலை எடுத்து, மணிக்கணக்கில் ஆகும். மேஸ்திரி ஒருமுறை, ‘ஓரத்துக்கு ஒண்ணும் இல்லையா சார்’ என்று கேட்டார். அவருக்கும் அதே பதில்தான். பார்த்துக்கலாம் மேஸ்திரி.

வீட்டுக்காரரிடம் தரக்குறியீட்டைக் காட்டியவன் நான். மேஸ்திரியிடம் அதை மறைத்தவனும் நான். இரண்டும் ஒரே வருடம், ஒரே வீடு.

இத்தனை நாள் என்னை நானே சமாதானப்படுத்திய வாதம் ஒன்று உண்டு. எங்கள் தொழிலில் எல்லோரும் இப்படித்தான் என்பது. சம்ப்புக்கு லிட்டர் கணக்கில் விலை சொல்கிறோம், லிட்டர் ஸ்லாப்பின் அடிவரையா தண்ணீர் நிற்கும் மட்டம்வரையா என்று சொல்வதில்லை. அடுக்குமாடி விற்றவர்களும் வருடக்கணக்கில் ‘சூப்பர் பில்ட் அப்’ என்று ஆளுக்கொரு அளவு வைத்திருந்தார்கள். அவர்களுக்காவது 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம் கார்பெட் பரப்பு என்பதற்கு இலக்கணம் எழுதிவிட்டது: வெளிச்சுவர், சர்வீஸ் ஷாஃப்ட், தனி பால்கனி, தனி மொட்டை மாடி சேராது, உள்சுவர் சேரும். ஒருவர் தன் சொந்த மனையில் ஆள் வைத்துக் கட்டும் வீட்டுக்கு அந்த இலக்கணம் தானாக வந்து உட்காராது. அங்கே நாம் எழுதுவதுதான் சட்டம். எழுதும் பேனா என் கையில் இருந்தது.

2023-ல் மாடம்பாக்கத்தில் வீடு கட்ட ஓர் இளம்பெண் வந்தார். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. என் ஒப்பந்தத்தை வாங்கிப் படித்துவிட்டு, ‘அண்ணா, இந்தப் பரப்பு எப்படிக் கணக்குப் போடுவீங்கன்னு ஒரு உதாரணம் போட்டுக் காட்டுங்க. என் பிளானையே வச்சுப் போடுங்க. அதையும் சேர்த்தே கையெழுத்துப் போட்டுரலாம்’ என்றார். பார்த்துக்கலாம் என்று வாயில் வந்தது. ‘இப்பவே பார்த்துரலாமே’ என்றார் அவர்.

உட்கார்ந்தோம். பிளானில் முழுதாக எடுக்கும் இடத்துக்குப் பச்சை, பாதிக்கு மஞ்சள், எடுக்காததற்கு வெள்ளை என்று பென்சிலால் தீட்டினோம். பேஸ்மென்ட் உயரம் எதிர் ரோட்டின் நடுவிலிருந்து என்று எழுதி, அங்கே ஒரு மேன்ஹோல் மூடியைக் குறி வைத்தோம். மண் கெட்டித்த பின் குழியளவு. பூச்சு ஐ.எஸ். 1200-ன்படி. கீழே ஒரு கணக்கை முழுசாகப் போட்டு, வந்த விடையை எழுதினோம். நாற்பது நிமிடம் ஆயிற்று. அரைப் பக்கம்.

அவர் போன பிறகு நான் எழுந்திருக்கவில்லை. அந்த நாற்பது நிமிடத்தை 2016-ல் அந்தப் பெரியவருக்குக் கொடுக்காமல் இருக்க நான் எவ்வளவு கெட்டிக்காரத்தனம் செலவழித்தேன் என்று நினைத்தேன்.

1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 29-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பொருள் நிச்சயமில்லாத, நிச்சயப்படுத்தவும் முடியாத உடன்படிக்கை செல்லாது என்கிறது. அதன் கீழே உதாரணங்கள். நூறு டன் எண்ணெய் விற்பதாக ஒருவன் ஒப்புக்கொள்கிறான், என்ன எண்ணெய் என்று தெரிய வழியில்லை, அதனால் செல்லாது. அதே ஆள் தேங்காயெண்ணெய் மட்டுமே விற்கும் வியாபாரி என்றால், செல்லும். வெள்ளைக் குதிரையை ஐந்நூறு ரூபாய்க்கோ ஆயிரம் ரூபாய்க்கோ விற்பதாகச் சொன்னால், எந்த விலை என்று தெரியாததால் செல்லாது. சட்டம் எழுதியவர்களே விதியை மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல், எண்ணெயையும் குதிரையையும் வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஒரு முழு தேசத்துக்கு அதைச் செய்ய முடிந்தது. இருபதுக்கு நாற்பத்தொன்று வீட்டுக்கு நான் செய்யவில்லை.

பழைய பைலை எடுத்தேன். திருப்பிக் கொடுக்க வேண்டியது எவ்வளவு என்று பார்க்க உட்கார்ந்தேன். அங்கேதான் என்னை நான் இன்னும் சரியாகப் பார்த்தேன். ஐ.எஸ். 3861-ன்படி போட்டால் பரப்பு 1,972, தொகை 34,51,000. நான் வாங்கியது 33,86,000. அப்படிப் பார்த்தால் நான் ஒரு பைசா கொடுக்க வேண்டாம், அவர்தான் எனக்கு 65,000 தர வேண்டும். என் கை முதலில் போனது அந்தக் கணக்குக்குத்தான். இரண்டாவது, என் பேச்சை நம்பாமல் அவர் மற்ற ஒப்பந்தக்காரரிடம் போயிருந்தால் கொடுத்திருக்கக்கூடிய 31,98,000. அந்தக் கணக்கில் 1,88,000 என் மேல் நிற்கிறது. மூன்றாவது, நீதிமன்றங்கள் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் ஒரு முறை: இரண்டு பொருள் படும் வாசகத்தை அதை எழுதியவனுக்கு எதிராகவே படிக்க வேண்டும் என்பது. எழுதியவன் நான். அப்படிப் படித்தால் பரப்பு 1,640-தான், நான் தர வேண்டியது 5,16,000.

பாவத்தை ஒப்புக்கொள்ள உட்கார்ந்த இடத்திலும் எனக்குச் சாதகமான முறையைத் தேடினேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

மேஸ்திரியின் கணக்கு எளிது. அதில் இரண்டு முறை இல்லை. என்னிடம் அளவுப் புத்தகங்கள் இருந்த வீடுகளுக்கெல்லாம் ஜன்னல் ஜன்னலாகப் போட்டு, தாளோடு பணத்தைக் கொடுத்தேன். அவர் தாளைப் பார்க்கவில்லை. ‘ஓரம்’ என்று மட்டும் சொன்னார். எனக்குப் புரிந்தது.

போன தை மாதம் முடிச்சூருக்குப் போனேன். மூன்று கணக்கையும் ஒரே தாளில் எழுதி, எது எந்த அடிப்படையில் என்று கீழே விளக்கி, கூட இன்னொரு வரியும் சேர்த்திருந்தேன்: இந்த மூன்றில் எது என்று நீங்கள் சொல்லுங்கள், தவணையில் கொடுப்பேன். பெரியவருக்கு இப்போது நடை தளர்ந்திருக்கிறது. வாசலில் என்னைப் பார்த்ததும் ‘வாங்க சார்’ என்றார், பழைய மரியாதை குறையாமல். 2016-ல் நீங்கள் கேட்ட கேள்விக்குத் தெரிந்தே பதில் சொல்லவில்லை என்று சொல்லித் தாளைக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை ஒவ்வொரு வரியிலும் வைத்துப் படித்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். படித்து முடித்து உள்ளே போனார். அந்த நீல டைரியோடு வந்தார்.

பக்கத்தைத் திருப்பி, என் தாளையும் டைரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. மன்னித்ததாகவும் சொல்லவில்லை.

‘எது வேணும்னு அப்புறம் சொல்றேன். முதல்ல அளவு சரியான்னு பார்க்கணும். டேப் இருக்கா?’

வண்டியில் இருந்தது. எடுத்து வந்தேன். தரைத்தளம் சரியாக இருந்தது. மேல்தளத்தில் இப்போது டைல்ஸ் போட்டு ஒரு குடும்பம் குடியிருக்கிறது. அவர்களிடம் சொல்லிவிட்டுப் படியேறினோம். ஹெட்ரூமில் இந்த முறை நான் நுனியைப் பிடித்துச் சுவரோரம் குனிந்தேன். அவர் எதிர்ப்பக்கம் போய், டேப்பை இழுத்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எண்ணைப் படித்தார். பதினாலு அடி என்று டைரியில் இருந்தது.

‘பதிமூணு அடி ஒன்பது இன்ச்’ என்றார். மறுபடி குனிந்து பார்த்தார். ‘எட்டால பெருக்கினா நூத்திப்பத்து. நீங்க நூத்திப் பன்னெண்டு போட்டிருக்கீங்க.’

ஆமாம் சார் என்றேன். அவர் 112-ஐ ஒரே கோட்டில் அடித்து, பக்கத்தில் 110 என்று எழுதினார். டேப்பை விடாமல், ‘அடுத்து பால்கனி’ என்றார்.